ஒரே சாவி: உறுப்பினர்களே நடத்தும் ஒரு சமூக வலைத்தளத்தின் ஆறு ஆண்டுகள்

பின்னணி

பறவை, பூச்சி, சிலந்தி என்று படம் எடுப்பவர்கள் கூடும் ஒரு மாஸ்டடான் சர்வரைப் பற்றியது இது. 2019இல் ஒருவர் தனியாகத் தொடங்கினார். 2024இல் அவர் விலகினார். அதற்குப் பிறகு மூன்று பேர் ஏற்று நடத்தினோம். அந்த மூவரில் நானும் உண்டு. அதனால் இது வெளியாள் எழுதிய ஆய்வு அல்ல. சில இடங்களில் என் கோபம் எட்டிப் பார்க்கலாம். பெயர்களையும் சர்வரின் முகவரியையும் விட்டுவிட்டேன். தொடங்கியவரை இங்கே ‘நிறுவியவர்’ என்றே குறிப்பிடுகிறேன்.

மாஸ்டடானைப் புழங்காதவர்களுக்காக ஓரிரு வார்த்தை. ஓய்கன் ராக்கோ 2016இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவி, தங்கள் விதிகளோடு நடத்தலாம். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். மின்னஞ்சல் எப்படி நிறுவனம் விட்டு நிறுவனம் போகிறதோ அப்படி. இதற்கான ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் தன் பரிந்துரையாக ஏற்றது. விளம்பரம் கிடையாது. எந்தப் பதிவை யாருக்கு முன்னால் தள்ளுவது என்று கணக்குப் போடும் நிரலும் கிடையாது. பின்தொடர்பவர்கள் எழுதியது, எழுதிய நேர வரிசையில் வரும். அவ்வளவுதான்.

முதல் மூன்று ஆண்டுகள்

தொடக்கத்தில் அறுபது பேர் போல இருந்தோம். ஒரு விட்டிலின் படத்தைப் போட்டு ‘இது என்ன?’ என்று கேட்டால், ஒரு மணி நேரத்துக்குள் யாராவது பேரினம் வரை சொல்லிவிடுவார்கள். தவறாகச் சொன்னால் இன்னொருவர் இறக்கை நரம்பைக் காட்டித் திருத்துவார். பெரிய தளங்களில் இதே படத்துக்கு நிறைய இதயக்குறிகள் வரும், பெயர் வராது.

இன்னொரு ஈர்ப்பும் இருந்தது. அதைத்தான் பிற்பாடு நடந்ததற்கெல்லாம் வேராக இப்போது பார்க்கிறேன். ஏதாவது சிக்கல் என்றால் நிறுவியவர் நேரில் பதில் சொல்வார். கடவுச்சொல் மறந்தவருக்கும், படம் ஏறவில்லை என்பவருக்கும், இன்னார் என்னைச் சீண்டுகிறார் என்பவருக்கும் அவரே. ‘உங்கள் புகார் பெறப்பட்டது’ என்ற தானியங்கிப் பதில் அல்ல. பெயர் சொல்லி எழுதிய நாலு வரி. பெருநிறுவனத் தளங்களில் சலித்து வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த நாலு வரி எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பதில்களின் நேரத்தைப் பின்னால் ஒருநாள் புரட்டியபோது, பாதிக்கு மேல் நள்ளிரவு தாண்டியவை.

சர்வர் செலவுக்கு விருப்பப்பட்டவர்கள் நன்கொடை கொடுத்தார்கள். வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமமாக இருந்ததால் ‘நம் தளம் சொந்தக் காலில் நிற்கிறது’ என்று ஆண்டுதோறும் பெருமையாக எழுதிக்கொண்டோம். அந்தக் கணக்கில் இயந்திர வாடகை இருந்தது. மனித நேரம் என்ற வரியே இல்லை.

2022 நவம்பர்

2022 அக்டோபர் 27 அன்று ட்விட்டர் எலான் மஸ்க் கைக்குப் போனது. அடுத்த சில வாரங்களில் மாஸ்டடான் சர்வர்கள் எல்லாவற்றிலும் கூட்டம். எங்களிடமும் இருநூற்றுச் சொச்சம் கணக்குகள் தொள்ளாயிரத்தைத் தொட்டன.

முதலில் தெரிந்த அறிகுறி தாமதம். காலையில் போட்ட படம் மற்ற சர்வர்களுக்கு மாலையில் போய்ச் சேர்ந்தது. மாஸ்டடானில் ஒருவர் ஒரு பதிவு போட்டால், அவரைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். அந்த வேலைகளை சைட்கிக் என்ற நிரல் வரிசையில் வைத்து ஒவ்வொன்றாக முடிக்கிறது. ஆட்கள் நான்கு மடங்கானால் வரிசை நான்கு மடங்கோடு நிற்பதில்லை. புதிதாக வந்தவர்கள் ஆளுக்கு நூறு பேரைப் பின்தொடர்கிறார்கள், அந்த நூறு பேர் எழுதுவதும் உள்ளே வர வேண்டும். நிறுவியவர் இரண்டு இரவு உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஓடும் சைட்கிக் நிரல்களின் எண்ணிக்கையைக் கூட்டி, தரவுத்தளத்தைப் பெரிய இயந்திரத்துக்கு மாற்றிச் சரி செய்தார். எல்லோரும் நன்றி சொன்னோம். நன்கொடையும் ஏறியது.

புதுக் கணக்குகளை நிறுத்தலாமா என்று அப்போது கேட்டேன். ‘கதவைத் தட்டுகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது?’ என்றார். நானும் ஒத்துக்கொண்டேன். அந்த ஒப்புதல்தான் இந்த நிகழ்வில் என் முதல் தவறு.

2023: மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, சர்வரின் சேமிப்பு வட்டு நிறைந்தது. எங்கள் உறுப்பினர்கள் போடும் படங்களால் நிறையவில்லை. மற்ற சர்வர்களில் நாங்கள் பின்தொடர்பவர்களின் படங்களையும் மாஸ்டடான் இங்கே நகல் எடுத்து வைக்கும்; படமே பிரதானமான எங்கள் கூட்டத்தில் அந்த நகல்கள்தான் மலை. பழைய நகல்களைத் தானாக நீக்கச் சொல்லும் அமைப்பு மென்பொருளிலேயே இருக்கிறது, ஆனால் எத்தனை நாள் என்று யாராவது எண்ணைப் போட வேண்டும். யாரும் போடவில்லை. இடம் தீர்ந்ததும் தரவுத்தளம் எழுத மறுத்தது, தளம் ஒரு பகல் முழுக்கப் படுத்துவிட்டது. ஏழு நாள் என்று போட்டதும் சரியானது. அசட்டுத்தனமான காரணம்தான், இப்படிப்பட்ட காரணங்களால்தான் சிறிய தளங்கள் படுக்கின்றன.

இரண்டாவது, ஒரு கூடு. நீண்டநாள் உறுப்பினர் ஒருவர், நன்கொடையும் தாராளமாகக் கொடுப்பவர், குஞ்சுகளோடு இருந்த ஒரு கூட்டை மிக நெருக்கமாக எடுத்த படங்களைத் தொடர்ந்து போட்டார். கூட்டருகே ஆள் போனால் தாய்ப்பறவை விலகி நிற்கும். குஞ்சுகளுக்கு இரையும் கதகதப்பும் தடைபடும். மனித நடமாட்டத்தைப் பார்த்து வேட்டையாடும் பறவைகளும் வந்துவிடலாம். பறவை பார்ப்பவர்களிடையே இது பழைய வழக்கு. பதினொரு பேர் புகார் கொடுத்தார்கள். நிறுவியவர் படம் எடுத்தவரிடம் தனியாகப் பேசி, படங்களை நீக்கச் சொன்னார். அவரும் நீக்கினார். வெளியே யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

விளைவு, இரண்டு பக்கமும் மனக்கசப்பு. புகார் கொடுத்தவர்கள் ‘பணம் கொடுப்பவர் என்பதால் மூடி மறைத்தார்’ என்றார்கள். படம் எடுத்தவரோ ‘எழுதப்படாத விதிக்கு என்னைத் தண்டித்தார்’ என்றார். நிறுவியவர் எடுத்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் விதி எழுதாமல், ஒரே ஆள், மூடிய அறையில் எடுத்தால் சரியான முடிவும் சலுகை போலத்தான் தெரியும். நிறுவியவர் அந்த மாதம் ஒரு படம்கூடப் போடவில்லை என்பதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. 2023 ஜூலை 6 அன்று மாஸ்டடான் ஓர் அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. சிறப்பாக வடிவமைத்த ஊடகக் கோப்பு ஒன்றை அனுப்பி, சர்வரில் எந்த இடத்திலும் கோப்பு எழுத வைக்கும் ஓட்டையை அது அடைத்தது. அதாவது சர்வரையே கைப்பற்றக்கூடிய ஓட்டை. மற்ற நிர்வாகிகள் அன்றே புதுப்பித்தார்கள். எங்கள் நிறுவியவர் அன்று இணைய வசதி இல்லாத இடத்தில் பயணத்தில் இருந்தார். சர்வருக்குள் நுழையும் சாவி அவரிடம் மட்டும். மட்டுறுத்துநர்களான எங்களுக்குப் பதிவை நீக்கும் அதிகாரம் உண்டு, மென்பொருளைத் தொடும் அதிகாரம் இல்லை. இரண்டு நாள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் திரும்பி வந்து பத்து நிமிடத்தில் முடித்தார்.

அதற்கு முந்தைய வாரம் யாராவது கேட்டிருந்தால் ‘எங்கள் தளம் சமூகத்துடையது’ என்று சொல்லியிருப்பேன். அந்த இரண்டு நாளுக்குப் பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கேட்டபோது அவர் இரண்டாவது சாவி தருவதாகச் சொன்னார். அப்புறம் வேலைப் பளுவில் மறந்துபோனார். நாங்களும் நெருக்கவில்லை. மாஸ்டடான் திட்டம் தன் பட்டியலில் சேர்க்கும் சர்வர்களிடம் கேட்கும் உறுதிமொழிகளில் இதுவும் ஒன்று: அவசரத்துக்கு இன்னொருவரிடமாவது அணுகல் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் நாங்கள் இல்லை. அதனால் படித்ததும் இல்லை.

2024 பிப்ரவரி

அந்த மாதம் ஃபெடிவர்ஸ் முழுக்க, அதாவது இப்படி ஒன்றோடொன்று பேசும் சர்வர்கள் எல்லாவற்றிலும், ஒரு குப்பை அலை அடித்தது. புதுக் கணக்குக்கு அனுமதி தேவைப்படாத, கவனிப்பு குறைந்த சிறிய சர்வர்களாகத் தேடி, தானியங்கி நிரல்கள் கணக்கு தொடங்கி, கண்டவர்களுக்கெல்லாம் படத்தோடு செய்தி அனுப்பின. எங்கள் கதவு 2022இலிருந்து திறந்தே கிடந்தது. ஓர் இரவில் எங்கள் பெயரில் ஆயிரக்கணக்கான குப்பைச் செய்திகள் போயின.

நாங்கள் விழித்தபோது சில பெரிய சர்வர்கள் எங்களை மொத்தமாகத் துண்டித்திருந்தன. அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் சர்வர் அளவில் தடை விழுந்தால், இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பின்தொடர்ந்த இணைப்புகள் அறுந்துவிடும். தடையை நீக்கினாலும் அவை தாமாகத் திரும்பாது. ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்த வாசகர்களில் பாதியை ஒரே இரவில் இழந்த உறுப்பினர்கள் இருந்தார்கள்.

அந்த மாதமே வந்த மாஸ்டடான் பதிப்பில், மட்டுறுத்துநர் நடமாட்டம் ஒரு வாரமாக இல்லாவிட்டால் புதுக் கணக்கு தொடங்குவது தானாகவே அனுமதி முறைக்கு மாறும்படி செய்தார்கள். எங்களைப் போன்றவர்களைப் பார்த்துச் செய்த மாற்றம்தான்.

நிறுவியவர் ஒவ்வொரு சர்வர் நிர்வாகிக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதினார். மூன்று வாரம் அதுவே வேலை. மார்ச் நடுவில் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. ‘வருத்தம் யார் மேலும் இல்லை. போனில் அறிவிப்புச் சத்தம் கேட்டால் வயிற்றைப் புரட்டுகிறது. ஜூன் முடிவோடு நிறுத்திக்கொள்கிறேன்.’ இதுதான் சாரம்.

மூன்று வழிகள்

மூன்று மாத அவகாசம் அவராகவே கொடுத்தது. மேலே சொன்ன உறுதிமொழிகளிலும் மூட நினைத்தால் மூன்று மாத முன்னறிவிப்பு என்று இருக்கிறது. அதைப் படிக்காமலே அவர் சரியாகச் செய்திருந்தார்.

எங்கள் முன் இருந்தவை: கௌரவமாக மூடுவது, எல்லோரும் ஒரு பெரிய சர்வருக்குப் போவது, அல்லது யாராவது ஏற்பது.

இரண்டாவதைத்தான் முதலில் விரும்பினேன். மாஸ்டடானில் கணக்கை இன்னொரு சர்வருக்கு மாற்றினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பின்தொடரும் பட்டியலையும் கோப்பாக எடுத்துப் போகலாம். பதிவுகள் மட்டும் வராது. வெறும் அரட்டைத் தளமாக இருந்திருந்தால் அது பெரிய இழப்பில்லை. ஆனால் இங்கே ஐந்து ஆண்டு அவதானிப்புகள், தேதியோடு, கீழே நிபுணர்கள் செய்த அடையாளத் திருத்தங்களோடு கிடந்தன. பதிவுகளைத் தரவிறக்கலாம்தான், ஆனால் ஒருவர் தன் படத்தை எடுத்துப் போகிறார், அதன் கீழே இன்னொருவர் எழுதிய திருத்தம் அதில் வராது. அந்த உரையாடல்தான் மதிப்பே. அதனால்தான் மூன்றாவது வழி.

ஏற்க முன்வந்தவர்கள் ஏழு பேர். வேலைப் பட்டியலைக் காட்டிய பிறகு மூன்று பேர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாலு பேரும் சரியான நேரத்தில் சரியானதைச் செய்தார்கள்.

கைமாற்றம்

நிறுவியவரிடம் இரண்டு வாரம் செய்வதை எல்லாம் குறித்து வைக்கச் சொன்னோம். பட்டியலைப் பார்த்தபோது எதிர்பாராதது ஒன்று: தொழில்நுட்ப வேலை கால்வாசிகூட இல்லை. மீதி முழுக்க மனிதர்கள். புகாருக்குப் பதில், புகார் கொடுக்கப்பட்டவருக்கு விளக்கம், பிற நிர்வாகிகளோடு கடிதம், மனம் நொந்தவருக்கு ஆறுதல். சர்வர் நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தோம். நாங்கள் தேடியிருக்க வேண்டியது சண்டையைத் தீர்க்கத் தெரிந்த ஆளை.

டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, அவர் சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. மாஸ்டடானில் ஒவ்வொருவரின் அடையாளமும் டொமைனோடு பிணைந்தது. இயங்கத் தொடங்கிய பின் அதை மாற்ற முடியாது, மாற்றினால் மற்ற சர்வர்களுக்கு நாம் வேறு ஆள். இதன் விலை என்ன என்பதற்கு உதாரணம் சூட்டோடு சூடாகக் கிடைத்தது: 2024 பிப்ரவரியில் குயர்.ஏஎஃப் என்ற மாஸ்டடான் சர்வரின் டொமைனை ஆப்கானிஸ்தானின் தாலிபான் நிர்வாகம் முடக்கியது. ‘.ஏஎஃப்’ அந்த நாட்டுக்குரிய பின்னொட்டு. எங்கள் பின்னொட்டில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் ஒருவரின் தனிப்பட்ட மின்னஞ்சல் முடங்கினால் எங்களுக்கும் அதே கதிதான்.

பேக்கப் இருக்கிறது என்றார். சரி, மீட்டுப் பார்ப்போம் என்று ஒரு தற்காலிக இயந்திரத்தில் முயன்றோம். தரவுத்தளம் வந்தது. ஆனால் ரகசியக் குறியீடுகள் இருக்கும் அமைப்புக் கோப்பு பேக்கப்பில் சேர்க்கப்படவே இல்லை. அது இல்லாவிட்டால் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருக்கும் ஒருவரும் உள்ளே நுழைய முடியாது, நிர்வாகிகள் உட்பட. நாலு ஆண்டுகளாகத் தினமும் தவறாமல் எடுக்கப்பட்ட பேக்கப் அது. ஒருமுறைகூட மீட்டுப் பார்த்ததில்லை.

முடிவுகளும் காரணங்களும்

கதவை மூடினோம். புதியவர்கள் உறுப்பினர் அழைப்பின் பேரில் மட்டும். காரணம் எளிது: எத்தனை பேரை மூன்று பேரால் பார்த்துக்கொள்ள முடியும் என்பதுதான் தளத்தின் அளவு. வட்டின் கொள்ளளவு அல்ல.

புகார்களை முறை வைத்துப் பிரித்தோம். வாரம் ஒருவர். பதில் இரண்டு நாளுக்குள், இரவில் இல்லை. கணக்கை முடக்குவது போன்ற முடிவுக்கு இரண்டு பேர் ஒப்புதல். முடிவும் காரணமும் பெயரில்லாமல் மாதம் ஒருமுறை எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்படும். கூடு, குஞ்சு பற்றிய விதியை உறுப்பினர்களே எழுதினார்கள். பழைய கூட்டுப் படக்காரர்தான் முதல் வரைவைக் கொடுத்தார், எங்கள் யாரையும்விடக் கறாராக.

யாரும் தொடர்ந்து ஓராண்டுக்கு மேல் நிர்வாகியாக இருக்கக் கூடாது என்றும் எழுதினோம். இதில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. அனுபவம் வீணாகும் என்றார் ஒருவர். நான் விடவில்லை. போகும் நாள் முன்பே தெரிந்தால்தான் ஒருவர் தன் வேலையை எழுதி வைப்பார்.

சாவிகள் மூவரிடமும். டொமைன் பொது மின்னஞ்சலுக்கு மாறியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை மீட்டுப் பார்ப்பது கட்டாயம்.

நன்கொடையில் ஒரு பகுதியை அந்த வாரம் முறை பார்ப்பவருக்குக் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தேன். தோற்றது. ‘பணம் வந்தால் இது வேலையாகிவிடும்’ என்றார்கள். ஏற்கெனவே அது வேலைதான், சம்பளம்தான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

பின்விளைவு

அழைப்பு முறைக்குப் பிறகு தளம் சுருங்கியது. தொள்ளாயிரம் கணக்குகளில் மாதம் ஒருமுறையாவது எழுதுபவர்கள் இப்போது நூற்றிருபது பேர் போல. நன்கொடையும் குறைந்தது, சின்ன இயந்திரத்துக்கு மாறினோம். துண்டித்த சர்வர்களில் பெரும்பாலானவை தடையை நீக்கிவிட்டன. அறுந்த இணைப்புகளை உறுப்பினர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினார்கள், எல்லோரும் அல்ல. சிலர் அலுத்துப்போய் வேறு இடம் போனார்கள்.

ஒரு கேள்விக்குப் பேரினம் வரை பதில் வரும் நேரம் பழையபடி ஒரு மணிக்குள் வந்துவிட்டது. 2023இல் அது ஒரு நாளைத் தாண்டியிருந்தது, பதில் தெரிந்தவர்கள் கூட்டத்தில் ஒதுங்கியிருந்ததால்.

2025 ஜூலையில் ஓராண்டு விதிப்படி நாங்கள் மூவரும் இறங்க வேண்டும். ஒருவர் இறங்கினார், அவர் இடத்துக்கு ஆள் வந்தார், ஒப்படைப்பு ஒரே மாலையில் முடிந்தது. மற்ற இரண்டு இடங்களுக்கு யாரும் வரவில்லை. விதியை எழுதச் சொல்லி அடம்பிடித்த நானே இன்னும் நிர்வாகியாக இருக்கிறேன்.

நிறுவியவர் ஆறு மாதம் காணாமல் போய், பிறகு சாதாரண உறுப்பினராகத் திரும்பினார். விட்டில் படங்கள் மட்டும் போடுகிறார். புகார்ப் பட்டியல் தன் கண்ணில் படாதபடி எல்லா அதிகாரத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டோம்.

மறுபடி செய்தால்

இரண்டாவது சாவியை முதல் நாளே கேட்பேன், நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாகும் என்று தயங்க மாட்டேன். 2022 நவம்பரில் புதுக் கணக்குகளை நிறுத்தச் சொல்லி ஒரு முறை கேட்டதோடு விட மாட்டேன். ஆண்டுக் கணக்கில் செலவிட்ட மணிகளையும் ஒரு வரியாகச் சேர்ப்பேன், யாருக்கும் காசு கொடுக்காவிட்டாலும்.

கூடு விவகாரத்தின்போது நிறுவியவருக்கு ஒரு தனிச்செய்தியாவது அனுப்பியிருப்பேன். அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது இரண்டு தரப்பின் வாதங்களை மட்டும்தான்.

சம்பளப் பேச்சை வரும் மாதக் கூட்டத்தில் மறுபடி எடுக்கிறோம். முறைப் பட்டியலில் மூன்றாவது வாரத்துக்கு இன்னும் பெயர் இல்லை.